பொன்னம்மாவைத் தேடிப் போன டாக்டரம்மா

பெங்களூரில் மகள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கை முழுக்கக் கிரீஸ். அதனால் மகள்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்தாள். பேசியது ஆனந்தன், டாக்டர் யசோதரையின் தம்பி. "அண்ணா, அக்கா விடியக்காலம் போயிட்டாங்கண்ணா. மூணு மணிக்கு எடுக்கறோம். வந்துடுங்க" என்றான். அழுக்குப் பனியன் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினேன். மோட்டார் இன்னும் பிரித்தபடியே கிடக்கிறது என்று மகள் தினமும் ஞாபகப்படுத்துகிறாள்.

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில், யசோதரையை அறியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் ஆப்பிரிக்காவில் என்னதான் செய்தார் என்று கேட்டால் பாதிப் பேர் "நாய் டாக்டர்" என்பீர்கள், மீதிப் பேர் "சிங்கம் புலிங்களோட இருந்தாங்க" என்பீர்கள். ஆப்பிரிக்கக் காட்டில் புலி கிடையாது என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அவர் கூடவே ஜாம்பியாவில் ஒன்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில், அவர் செய்ததை ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கக் காட்டு நாய் என்று ஓர் இனம். நம் தெரு நாய்க்கும் அதற்கும் உறவு தூரம். உடம்பெல்லாம் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக யாரோ சாயத்தை வீசியடித்த மாதிரி இருக்கும். ஒரு நாயின் திட்டு இன்னொன்றுக்கு இருக்காது. காது அகலமாக, வட்டமாக, தோசைக் கரண்டி மாதிரி. கூட்டமாகத்தான் வாழும், கூட்டமாகத்தான் வேட்டையாடும். நோயாளி நாய்க்கும் கூட்டம் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும். ஒரு காலத்தில் கண்டத்தின் பெரும்பகுதியில் ஓடித் திரிந்த இனம், இன்று சில நாடுகளின் சில காடுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைக் காப்பாற்றும் விஞ்ஞானம்தான் யசோதரையின் தொழில்.

இதை அவர் லீவில் வந்து விளக்கியபோது, பக்கத்து வீட்டுப் பொன்னம்மா கேட்ட கேள்வி லைன் முழுக்கப் பிரபலம். "நாயிங்கள பாக்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமாடி? ராபர்ட்சன்பேட் மார்க்கெட்டுக்குப் போனா தொரத்திகினு வருமே!" யசோதரைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பிப் போனதும் தான் ஆராய்ந்த கூட்டத்தின் தலைவியான ஏழாம் எண் நாய்க்குப் பொன்னம்மா என்று பேர் வைத்துவிட்டார். விஷயம் தெரிந்து அந்த அம்மாள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ஒரு மாதம் பேச்சு கிடையாது. பிறகு அவரே போன் செய்து, "ஏன்டி, நான் அங்க எப்டி கீறேன்? நல்லா துன்றேனா?" என்று கேட்டார். அதற்கப்புறம் வாரம் தவறாமல் விசாரிப்புத்தான்.

நான் பக்கத்து ஊரிகம்காரன். பெயர் செல்வம். சுரங்கத்தில் பிட்டராக இருந்து, சுரங்கம் மூடியதும் ஜீப்பு, மோட்டார் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிப் பிழைத்தவன். யசோதரை என்னைவிட மூன்று வயது சின்னவர். ஒருநாள் என் ஷெட்டுக்கு வந்து, "அண்ணா, ஒரு பழைய ஜீப்ப ஓட வெக்கணும்" என்றார். "கொண்டாந்து உடு" என்றேன். "அது ஜாம்பியாவுல கீதுண்ணா" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் விமானத்தில் இருந்தேன். அன்றிலிருந்து நான் அவரை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் கேலிக்கு, பிறகு வாயில் அதுவே நின்றுவிட்டது.

முகாமில் அவர் முதலில் எனக்குக் கொடுத்த வேலை ஜீப்பில் இல்லை. எண்ணெய் டின்னை வெட்டி வட்டத் தகடுகள் செய்து, ஒவ்வொன்றிலும் எண் அடிக்கச் சொன்னார். ஒரு பலகையில் வரிசையாக ஆணி. எனக்குப் புரிந்துவிட்டது. நம்மில் யாருக்குத்தான் புரியாது? சுரங்கத்துக்குள் கேஜில், அந்த லிப்டுக் கூண்டில், இறங்குகிறவன் டோக்கன் எடுத்துக்கொண்டு இறங்குவான், மேலே வந்து மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். கோலார் தங்க வயலில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது. அதை அவர் நாய்களுக்குப் போட்டார். தினமும் காலையில் எல்லாத் தகடும் கீழே இறங்கும். எந்த நாயை யார் கண்ணால் பார்த்தாரோ, அவர்தான் தன் கையால் அந்தத் தகட்டை மாட்ட வேண்டும். சாயங்காலம் ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் உடனே எல்லோரும் தேடப் போக வேண்டும்.

காரணம் இதுதான். மான் இறைச்சிக்காகக் காட்டில் கம்பிச் சுருக்குக் கட்டுவார்கள். அதில் மானைவிடப் பரிதாபமாக மாட்டுவது இந்த நாய்கள், ஏனென்றால் ஒரு நாளில் அவ்வளவு தூரம் ஓடும். அதுவரை விஞ்ஞானிகள் பருவத்துக்கு ஒருமுறை வந்து எண்ணிப் பார்த்து, குறைந்ததை இறந்ததாக எழுதிக்கொண்டு போவார்கள். எங்கள் அமைப்பின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பலகையைப் பார்த்து, "நாம் ஆராய வேண்டியது இனத்தை. நீங்கள் ஒவ்வொரு நாயாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், இது விஞ்ஞானம் இல்லை, பாசம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டரம்மா மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அவர் போன பிறகு என்னிடம் தமிழில் சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை. "காணோம்னு சொல்றதுக்கும் செத்துப்போச்சுன்னு எழுதறதுக்கும் நடுவுல ரெண்டு நாள் கீதுண்ணா. அந்த ரெண்டு நாள்தான் என் வேலை."

தேடுவதற்கு அவர் சேர்த்த முதல் ஆள் மோசஸ். பக்கத்துக் கிராமத்துக்காரர், இளமையில் சுருக்குக் கட்டிப் பிழைத்தவர். அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். "கம்பிய எங்க கட்டுவாங்கன்னு கட்டுனவனுக்குத்தான் தெரியும்" என்று டாக்டரம்மா ஒரே பேச்சாக முடித்துவிட்டார். மோசஸ் வந்த பிறகு காட்டிலிருந்து நாங்கள் அறுத்துக் கொண்டுவந்த கம்பி முகாமின் பின்னால் பெரிய குவியலாகச் சேர்ந்தது.

இனி சொல்லப்போவதை அவர் உயிரோடு இருந்தவரை யாரிடமும் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் பொன்னம்மா பழைய வளை ஒன்றில் குட்டி போட்டிருந்தாள். காட்டு நாய்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு பெண்தான் ஈனும். மற்றவையெல்லாம் அந்தக் குட்டிகளுக்காகவே வேட்டைக்குப் போகும். முந்தைய இரண்டு வருஷமும் குட்டிகள் தங்கவில்லை. அலுவலகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: இந்தத் தடவையும் குட்டிகள் பிழைக்கவில்லை என்றால் இந்தக் கூட்டத்தைக் கைகழுவிவிட்டு முகாமை வேறிடத்துக்கு மாற்றப்போகிறோம் என்று. ஆகவே பொன்னம்மா பிழைத்தால் குட்டிகள், குட்டிகள் பிழைத்தால் கூட்டம், கூட்டம் பிழைத்தால்தான் டாக்டரம்மா அத்தனை வருஷம் பட்ட பாட்டுக்கு அர்த்தம். குட்டிகள் பால் குடிக்கிற பருவம். பொன்னம்மா அப்போதுதான் மறுபடி வேட்டைக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் கூட்டம் திரும்புவதைப் பார்க்க வேண்டியது என் முறை. வறண்ட ஓடையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. கடைசியாக ஒன்று, வெள்ளை வால். வெள்ளை வால் கூட்டத்தில் பலவற்றுக்கும் உண்டு, பொன்னம்மாவின் அடையாளம் இடது காதில் ஒரு கிழிசல். காதை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு இங்கே மகளுக்குப் பியூசி ரிசல்ட். சிக்னல் கிடைக்கிற குன்றுக்கு வெளிச்சம் போவதற்குள் ஏற வேண்டும் என்ற அவசரம். வெள்ளை வால்தானே, அவளாகத்தான் இருக்கும் என்று ஏழாம் தகட்டை மாட்டிவிட்டு ஓடினேன். நம் ஊர் ஆம்பளைகளுக்கு இது பழகிப்போன தப்பு. "எந்துதையும் மாட்டி உட்று மச்சான்" என்று டோக்கனைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு பீடி பற்றவைக்கப் போனவர்கள் எத்தனை பேர்! என் அப்பாவே அதில் ஒருவர். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. மகள் பர்ஸ்ட் கிளாஸ். சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலையில் வளையின் எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரம்மா வேகமாக முகாமுக்குத் திரும்பி வந்தார். குட்டிகள் வெளியே வந்து கத்துகின்றன, தாயைக் காணோம் என்றார். பலகைக்கு முன்னால் நின்றார். "ஏழு மாட்டி கீது. யாரு பாத்தது?"

"நான்தான்" என்றேன்.

"காதப் பாத்தீங்களாண்ணா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. தகட்டைக் கழற்றி என் கையில் வைத்து, "நீங்களே வெச்சிக்கோங்க. பாத்தப்புறம் மாட்டுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு ராத்திரி முழுக்கத் தேடாமல் கழிந்துபோனது என்னால். அந்த அவமானம் இதை எழுதும்போதும் என் முகத்தில் சுடுகிறது.

ஜீப்பை நான் ஓட்டினேன். மோசஸ் பின்னால் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் டாக்டரம்மா தன் அப்பா கதையைச் சொன்னார். அவர் அண்டர்கிரவுண்டில் டிரில் அடிப்பவர். முழங்கால் வலிக்காரர், வரிசையில் நிற்க முடியாது என்று கூட்டாளி ஒருவர் இரக்கப்பட்டு, அவர் டோக்கனையும் வாங்கிக்கொண்டு முன் கேஜில் ஏறிப்போய் மாட்டிவிட்டார். பின்னாலேயே ஏர் பிளாஸ்ட். பாறை வெடித்து வழி அடைபட்டு அப்பா கீழேயே மாட்டிக்கொண்டார். கூட்டாளி அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார், பலகையில் எல்லா டோக்கனும் இருந்ததால் யாரும் தேடவில்லை. யசோதரையின் அம்மாதான் சுரங்க வாயிலிருந்த ஷாஃப்ட் கேட்டுக்குப் போய் நின்றார். "பலகையில கீறாருன்னு சொல்றீங்க. ஊட்ல இல்லியே. எறங்கிப் பாருங்க" என்று ஒரே பிடியாக நின்றார். இறங்கினார்கள். உயிரோடு தூக்கி வந்தார்கள்.

"அந்தக் கூட்டாளிய உங்கப்பா இன்னா பண்ணாரு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

"மறுமாசம் அதே செட்டுல வேலைக்குப் போனாரு. அந்த மாமா சாவற வரைக்கும் யாரு டோக்கனையும் தொடல. ஷிப்ட்டுல இருந்த எல்லாரையும் தலைய எண்ணிட்டுத்தான் ஊட்டுக்குப் போவாரு. தப்பு பண்ணவனுக்குத்தாண்ணா அது எவ்ளோ பெருசுன்னு தெரியும். நல்லா பாத்து ஓட்டுங்க" என்றார்.

உச்சி வெயிலில் மோசஸ் கையை உயர்த்தினார். ஆற்றோரப் புதருக்குள் அவருடைய ஊர்க்காரர்கள் கம்பி கட்டுகிற மாதிரியான ஒரு சந்து. உள்ளே மரத்தின் வேரடியில் பொன்னம்மா. கழுத்தில் கம்பி இறங்கியிருந்தது. இழுத்து இழுத்து மரத்தைச் சுற்றி வட்டமாக மண்ணைத் தோண்டியிருந்தாள். செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். "மூச்சு கீது, மூச்சு கீது!" என்ற அந்தக் குரல் என் காதைவிட்டுப் போகாது.

ரேடியோவில் கூப்பிட்டதும் மிருக வைத்தியர் வந்து மயக்க ஊசி போட்டார். தலையை நான் பிடித்துக்கொண்டேன். என் டூல் பெட்டியிலிருந்த கட்டரால் டாக்டரம்மா கம்பியை அறுத்தார். என் மடியில் கிடந்தபோது இடது காதின் கிழிசலை விரலால் தொட்டுப் பார்த்தேன். புண்ணைக் கழுவி மருந்து போட்டு விலகி நின்றோம். எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்து எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வளையை நோக்கிப் போனாள்.

சாயங்காலம் அவள் வளை வாசலில் போய் நின்று குரல் கொடுத்ததும் குட்டிகள் உருண்டுகொண்டு வந்தன. மொத்தக் கூட்டமும் அவளைச் சூழ்ந்துகொண்டு பறவைகளைப் போலக் கீச்சிட்டது. காட்டு நாய் சந்தோஷத்தில் குரைக்காது, கீச்சிடும். முகாமுக்கு வந்து நான் ஏழாம் தகட்டை மாட்டியபோது, "எல்லாம் மேல வந்தாச்சுடோய்!" என்று டாக்டரம்மா போட்ட கூச்சலில் சமையல்காரர் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டார். மோசஸும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். குன்றேறிப் போய் சாம்பியன் ரீப்ஸுக்குப் போன் போட்டு, "நீ பொழச்சிக்கினே பொன்னம்மாக்கா!" என்றார் அவர். அந்த அம்மாள், "எனக்கு இன்னாடி ஆச்சி?" என்று பதறியது தனிக் கதை.

குட்டிகள் அத்தனையும் அந்த வருஷம் தங்கின. முகாமை மாற்றவில்லை. பாசம் என்று சொன்ன அதே பெரியவர் மற்ற முகாம்களிலும் பலகை வைக்கச் சொல்லி எழுதினார். இரண்டு வருஷம் கழித்துப் பொன்னம்மாவின் மகள்கள் மூன்று பேர் ஆற்றைக் கடந்து போனார்கள். அக்கரைப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் காட்டு நாயைப் பார்த்ததாக மோசஸின் ஊரில் வயதானவர்கள்தான் சொல்வார்கள். அங்கே வேறெங்கிருந்தோ வந்த ஆண்களோடு சேர்ந்து புதுக் கூட்டம் அமைத்துக் குட்டியும் போட்டார்கள். அதைப் பார்த்த காலையில் டாக்டரம்மா பைனாகுலரை என்னிடம் கொடுத்து, "நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணா, எனக்குக் கண்ணு மறைக்குது" என்றார். நான் ஒவ்வொன்றாக, காது, வால், விலா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அழிந்துபோன இடத்துக்கு ஓர் உயிரினம் தன் காலாலேயே திரும்பி வந்ததை எழுதுகிற பாக்கியம் எத்தனை விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும்!

அவர் ஊர் திரும்பிய பிறகு சாம்பியன் ரீப்ஸ் புத்த விகாரையில் பாராட்டுக் கூட்டம் வைத்தோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பொன்னம்மா கதையை அவர் சொன்னபோது, "எங்க முகாம்ல ஒருத்தர் பாக்காமயே டோக்கன் மாட்டிட்டாரு" என்று மட்டும் சொன்னார். யாரோ எழுந்து, "அந்த ஆள வேலைய உட்டுத் தூக்குனீங்களா மேடம்?" என்று கேட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துவிட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "தூக்கறதா? அதுக்கப்புறம் எங்க கிட்ட இருந்ததுலயே நம்பகமான கண்ணு அவருதாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அவர் போன அன்று பங்காரப்பேட்டையில் ரயில் நின்றது நின்றதுதான். ஆட்டோ பிடித்து நான் வந்து சேர்ந்தபோது மூன்றரை ஆகிவிட்டது. பெட்டியை மூடி வண்டியில் ஏற்றி, வண்டியும் நகர ஆரம்பித்திருந்தது. பின்னால் அத்தனை ஜனம். ஆனந்தன் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தான். "அண்ணா, அக்கா மொகம் பாத்தீங்களா?"

அழுது வீங்கிய முகத்தோடு அவன் கேட்கிறான். நேரமாகிவிட்டது, வெயிலில் எல்லோரும் நிற்கிறார்கள். பாத்தேன்பா, நீ போ என்று சொல்லிவிடத்தான் வாய் எழுந்தது. பழைய செல்வம் சொல்லியிருப்பான். அவரோடு இருந்த ஒன்பது வருஷத்தில் எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான், பார்க்காததைப் பார்த்தேன் என்று இந்த வாயால் சொல்ல வராது.

"இல்ல ஆனந்தா. பாக்கல" என்றேன்.

அவன் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினான். நடுரோட்டில் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்கள். பார்த்தேன்.